பிரஷரைக் குறைத்தாலும் ஏக்கருக்கு விழுகிற மருந்துத் தண்ணீர் குறையவில்லை: டிராக்டர் ஸ்ப்ரேயர்

குடிமங்கலத்தான்:
வணக்கமுங்க. நான்கு ஏக்கர் மக்காச்சோளம் விதைத்திருக்கிறேன். முளைக்கும் முன் அடிக்கிற களைக்கொல்லிக்கு இந்த முறை ஆள் கிடைக்கவில்லை, அதனால் டிராக்டரில் மாட்டுகிற பூம் ஸ்ப்ரேயர் ஒன்றைப் பழசாகப் பிடித்து வந்தேன். 400 லிட்டர் டேங்க், பிடிஓவில் (டிராக்டரின் பின்னால் சுற்றுகிற தண்டில்) ஓடுகிற எச்டிபி பம்ப், 20 அடி பூம் (நாசில் மாட்டுகிற நீளக் குழாய்), 12 பித்தளை நாசில். ஏக்கருக்கு 200 லிட்டர் என்று வைத்து, இரண்டு ஏக்கருக்கான மருந்தை ஒரே டேங்கில் கலந்து காட்டுக்குள் இறங்கினேன். ஒன்றேகால் ஏக்கரிலேயே டேங்க் காலி.

சரி, பிரஷர்தான் அதிகம் போல என்று அடுத்த டேங்குக்கு ரெகுலேட்டரைத் திருகி, கேஜில் 40 பிஎஸ்ஐ காட்டியதை 30-க்கு இறக்கினேன். பிரஷர் கால்வாசி குறைந்தால் தண்ணீரும் கால்வாசி குறையணும் இல்லையா? அப்படிப் பார்த்தால் ஒன்றேமுக்கால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட வந்திருக்க வேண்டும். ஒன்றரையைத் தொடுவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டது. மீதி ஒன்றேகால் ஏக்கருக்கு மருந்தும் இல்லை, மனசும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். விற்றவரிடம் கேட்டால் "நல்ல பம்ப்பு தம்பி, அதான் இப்படி ஊத்துது" என்கிறார். ரெகுலேட்டரை இன்னும் இறக்கலாமா, இல்லை பம்ப்பையே சின்னதாக மாற்றணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கணபதி லேத்:
பம்ப்பைத் தொடாதீங்க தம்பி. எச்டிபி என்பது மூன்று பிஸ்டன், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளிக்கொண்டே இருக்கும், அதற்கு நாசிலும் தெரியாது காடும் தெரியாது. தள்ளியதில் நாசிலுக்குப் போனது போக மிச்சம் ரெகுலேட்டர் வழியாக ரிட்டன் ஓஸில் டேங்குக்கே வந்துவிடும். ஆக, பெரிய பம்ப் மாட்டினால் காட்டில் அதிகம் விழாது, ரிட்டனில்தான் அதிகம் விழும். விற்றவர் சொன்னது பேச்சுக்குத்தான் நன்றாக இருக்கிறது.

காட்டில் விழுவதைத் தீர்மானிப்பது நாசில் ஓட்டை, டிராக்டர் வேகம், அப்புறம் பிரஷர். இந்த மூன்றில் பிரஷர்தான் சோம்பேறி. எந்த கியரில் ஓட்டினீங்க, 50 மீட்டர் போக எத்தனை நொடி ஆகிறது, நாசில் தலையில் என்ன நம்பர் அடித்திருக்கிறது, இதை முதலில் சொல்லுங்க.

வாய்க்கால்மேடு:
இதுக்கெல்லாம் ஒரு கேஜ், ஒரு நொடிக்கணக்கு. நாங்கள் நாற்பது வருஷமாக டேங்குக்கு இத்தனை மூடி என்று ஊற்றி அடித்தோம், நெல் விளையாமல் போனதா, கரும்பு விளையாமல் போனதா? டிராக்டரை விட்டு மருந்தடித்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு ஆளைப் பிடித்து முதுகில் மாட்டி அடிக்கிற வேலை.

குடிமங்கலத்தான்:
ஆள் எங்கேங்க ஐயா இருக்கிறார்கள், எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயாச்சு.

லேத் அண்ணா, இரண்டாவது லோ கியர். இன்று வெடியால போய் 50 மீட்டர் அளந்து பார்த்தேன், சரியாக ஒரு நிமிஷம். நாசிலில் நம்பர் தேய்ந்து போய் எதுவும் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
நான் கோவையில் வேளாண் பொறியியல் படிக்கிறேன். 50 மீட்டர் ஒரு நிமிஷம் என்றால் மணிக்கு 3 கிலோமீட்டர்.

பிரஷர் விஷயத்தில் எல்லாரும் விழுகிற குழி இதுதான். நாசிலில் வருகிற தண்ணீர் பிரஷரோடு நேர் விகிதத்தில் ஏறி இறங்காது, அதன் வர்க்கமூலத்தோடுதான் ஏறி இறங்கும். தண்ணீர் இரண்டு பங்கு வேண்டுமென்றால் பிரஷர் நான்கு பங்கு வேண்டும். நீங்கள் 40-லிருந்து 30-க்கு இறக்கியதில் பிரஷர் 25 சதவீதம் போனது, தண்ணீர் 13 சதவீதம்தான் குறைந்தது. ஒன்றேகால் ஏக்கர் ஓடிய டேங்க் ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் தீர்ந்தது என்றீர்களே, கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. பம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை.

இனி பிரஷரை வைத்தே 200 லிட்டருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கேஜ் 16 பிஎஸ்ஐக்கு இறங்கணும். அவ்வளவு குறைவில் விசிறி நாசில் விரியவே விரியாது, ஒவ்வொரு நாசிலுக்கு நேர் கீழேயும் ஒரு கோடாக ஊற்றும், நடுவில் களை சிரித்துக்கொண்டு நிற்கும்.

குடிமங்கலத்தான்:
அட, 30-ல் அடித்த பக்கத்திலேயே பட்டை பட்டையாகக் களை வருகிறது. நான் மருந்துதான் டூப்ளிகேட் என்று நினைத்தேன்.

மஞ்சக்காட்டு அம்மணி:
தம்பி சொல்கிற வர்க்கமூலம் எனக்கு வராது, சென்ட் வரும். நூறு சென்ட் ஒரு ஏக்கர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, பத்திரம் பார்த்த யாருக்கும் இது தெரியும். அதை வைத்தே அளந்துவிடலாம். கொடுமுடிப் பக்கம் எங்கள் மஞ்சக்காட்டில் நான் இப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் பூம் 20 அடி. 218 அடி தூரம் ஓடினால் பத்து சென்ட். வரப்பில் 218 அடிக்கு இரண்டு குச்சி நடுங்க. மருந்தடிக்கிற அதே கியர், அதே ரேஸ், டேங்கில் பாதித் தண்ணீரோடு ஓட்டி, குச்சிக்குக் குச்சி எத்தனை நொடி என்று குறிச்சுக்குங்க. டிராக்டர் ஓடி வந்து முதல் குச்சியைத் தாண்டணும், நின்று கிளம்பக்கூடாது. அப்புறம் டிராக்டரை நிறுத்திவிட்டு, அதே ரேஸில் பம்ப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் கீழேயும் ஒரு குடம் வைத்து அத்தனை நொடிக்குப் பிடியுங்க. பன்னிரண்டு குடத்துத் தண்ணீரையும் கூட்டினால் பத்து சென்ட்டுக்கு விழுவது, அதைப் பத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு. வெறும் தண்ணீரில் செய்யுங்க, மருந்து கலந்து குடத்தில் பிடிக்காதீங்க, அப்புறம் அதே குடம் வீட்டுக்கு வந்துவிடும்.

வாய்க்கால்மேடு ஐயாவுக்கு ஒன்று. மூடிக்கணக்கில் எனக்கும் பகை இல்லை, ஆனால் மூடி ஏக்கரைப் பார்க்காது, டேங்கைத்தான் பார்க்கும். 16 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்குப் பத்து டேங்க் அடிக்கிற ஆள் 200 மில்லி போடுகிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஆறு டேங்கில் முடிக்கிறவர் 120 போடுகிறார். பேசிக்கொண்டே பதினான்கு டேங்க் அடிக்கிறவர் 280. ஒரே மூடி, ஒரே மருந்து, ஒரே காடு. பேட்டரி ஸ்ப்ரேயர் வந்தபிறகு இன்னொரு கூத்து, சார்ஜ் இறங்க இறங்க மோட்டார் சுணங்கித் தண்ணீர் குறையும், நடை மட்டும் குறையாது.

வாய்க்கால்மேடு:
அந்த அவசரக்கார ஆள் எங்கள் தோட்டத்திலும் இருந்தார் அம்மணி. கடைசி நாலு பாத்தியில் எப்போதும் புழு நிற்கும், நான் மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

குடிமங்கலத்தான்:
கேஜைப் பழையபடி 40-ல் வைத்து அளந்தாச்சுங்க. 218 அடிக்கு 80 நொடி. ஒட்டுக்கா பன்னிரண்டு குடம் வீட்டில் இல்லை, பெயிண்ட் வாளி, பால் கேன் எல்லாம் சேர்த்து வைத்தேன், அம்மா ஒரு மாதிரி பார்த்தார்கள். மொத்தம் 31.7 லிட்டர். ஏக்கருக்கு 317! நான் 200 என்று நினைத்துக்கொண்டு ஒன்றரைப் பங்குக்கும் மேலே ஊற்றியிருக்கிறேன். டேங்கில் கலவை சரியாக இருந்ததால் மருந்தும் அதே அளவுக்கு அதிகம் போயிருக்கிறது.

இன்னொன்று, எல்லா நாசிலிலும் ஒரே அளவு வரவில்லை. ஓரத்தில் இருந்த இரண்டில் இரண்டரை லிட்டர், நடுவில் ஒன்றில் மூன்று லிட்டர்.

கணபதி லேத்:
அந்த மூன்று லிட்டர் நாசில் தேய்ந்துவிட்டது. பித்தளை மெத்து, பவுடர் மருந்து மணல் மாதிரி ஓட்டையை அறுத்துக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. புதுசில் வருவதைவிடப் பத்து சதவீதம் கூட வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்டீல் இன்னும் தாங்கும், செராமிக் அதையும்விடத் தாங்கும். அடைத்தால் சிலர் ஊக்கை விட்டுக் குத்துகிறார்கள், அதைவிட மோசம் வாயில் வைத்து ஊதுவது. பழைய பல் பிரஷ் போதும்.

உங்கள் நாசில் சராசரியாக நிமிஷத்துக்கு 2 லிட்டர் விடுகிறது. இது உலகத்துக்கே பொதுவான நிறக்கணக்கில் பழுப்பு, 05 நம்பர். பித்தளையில் நிறம் கிடையாது என்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டிக் தலை போட்டதை வாங்கினால் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், மஞ்சள் 02, நீலம் 03, சிவப்பு 04, பழுப்பு 05. எந்தக் கம்பெனி என்றாலும் நிறம் மாறாது. நீலம் 40 பிஎஸ்ஐயில் நிமிஷத்துக்கு 1.14 லிட்டர் விடும். அதே கியரில் ஏக்கருக்கு 182 லிட்டர் வரும். அங்கிருந்து 200-க்குக் கொண்டுபோக கேஜை 48-க்கு ஏற்றினால் போதும். பிரஷர் இந்த மாதிரி கடைசி இழுப்புக்குத்தான். முக்கால் வேலை நாசிலும் கியரும்.

பொள்ளாச்சித் தென்னை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். கேட் வால்வு போட்டுத் தண்ணீரைக் குறைக்கலாமே, எதற்கு நாசில் செலவு? எங்கள் பைப்லைனில் எல்லாம் அப்படித்தானே செய்கிறோம்.

கணபதி லேத்:
உங்கள் கிணற்று மோட்டார் சென்ட்ரிஃபியூகல், இறகு சுற்றுகிற ஜாதி. அதன் டெலிவரியை மூடினால் தண்ணீர் உள்ளேயே சுற்றும், கொஞ்ச நேரம் தாங்கும். பிஸ்டன் பம்ப்பில் ரெகுலேட்டருக்கு முன்னால் வால்வு போட்டு மூடினால் தண்ணீர் போக வழியே இல்லை, பிஸ்டன் மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும். ஓஸ் வெடிக்கும், இல்லையென்றால் பம்ப்பின் தலை வெடிக்கும். என் பட்டறைக்கு அப்படி வெடித்து வந்த பம்ப் நிறைய. நானே சின்ன வயதில் சோதனை போடுகிறேன் என்று ரிட்டன் ஓஸை மடித்துக் கட்டியவன்தான், டெலிவரி ஓஸ் அறுந்து முழங்கையில் அடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. மருந்து இல்லாமல் தண்ணீராக இருந்ததால் தப்பித்தேன்.

சக்‌ஷன் பக்கமும் வால்வைப் பாதி மூடாதீங்க. பம்ப் தண்ணீருக்கு ஏங்கும், உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம் வரும், வாஷர் போய்விடும்.

பொள்ளாச்சித் தென்னை:
புரிந்தது. எங்களுக்கு ஏக்கர்க் கணக்கு சரிப்படாது, மரக் கணக்குதான். 25 அடிக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 70 மரம். 2016-ல் இந்தச் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சியில் முதலில் தெரிந்தபோது ஆளாளுக்குக் கண்ட மருந்தையும் அடித்தோம், அதைத் தின்கிற நல்ல ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்தது. இப்போது ஓலையின் அடிப்பக்கம் வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதோடு சரி. ஸ்ப்ரே கன்னில் நிமிஷத்துக்கு 12 லிட்டர் வருகிறது, மரத்துக்கு அரை நிமிஷம் என்று ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஏக்கருக்கு 420 லிட்டர் ஆகிறது. வாயால் முப்பது எண்ணச் சொன்னால் மதியத்துக்கு மேல் எண்ணுகிற வேகம் கூடிவிடுகிறது, அது வேறு கதை.

கணக்குப்பிள்ளை:
குடிமங்கலத்தான் அண்ணாவுக்கு இன்னொரு யோசனை. வேகத்தைக் கூட்டினாலும் ஏக்கருக்கு விழுவது குறையும். நாசில் மாற்றாமல் ரேஸைக் கூட்டி ஓட்டினாலே...

மஞ்சக்காட்டு அம்மணி:
அது எப்படி தம்பி குறையும்? ரேஸைக் கூட்டினால் பிடிஓவும்தான் வேகமாகச் சுற்றும், பம்ப்பும் அதிகம் தள்ளும். வண்டி வேகம் எவ்வளவு கூடுகிறதோ தண்ணீரும் அவ்வளவு கூடும். ஏக்கருக்கு அதேதான் விழும்.

கணக்குப்பிள்ளை:
இல்லைங்க அக்கா, கூடுதலாகத் தள்ளியது ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்பிவிடும். நாசிலுக்கு அதே பிரஷர், அதே தண்ணீர். வண்டி மட்டும் வேகமாகப் போகிறது.

மஞ்சக்காட்டு அம்மணி:
எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஸ்ப்ரேயரில் ரேஸ் கூடினால் கேஜ் முள் ஏறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் புத்தகத்தில் பார்த்தீங்க.

கணபதி லேத்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான், இரண்டு பேரும் வேறு வேறு மிஷினைச் சொல்கிறீங்க. ரெகுலேட்டரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஸ்பிரிங் வைத்தது. பிரஷர் வைத்த அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் விலகி மிச்சத்தை ரிட்டனுக்கு விடும், ரேஸ் கூடினாலும் முள் அசையாது. இதில் தம்பி சொல்வது சரி. இன்னொன்றில் ரிட்டன் பாதையில் வெறும் ஒரு வால்வுதான், திறந்த அளவிலேயே நிற்கும். பம்ப் தள்ளுவதில் இத்தனை பங்கு நாசிலுக்கு, இத்தனை பங்கு டேங்குக்கு என்று எப்போதும் ஒரே பங்காகப் பிரித்துக்கொண்டே போகும். இதில் அம்மணி சொல்வது சரி, ஒரே கியரில் மேட்டில் வண்டி திணறி வேகம் குறைந்தாலும் ஏக்கருக்கு விழுவது மாறாது. ஆனால் கியரை மாற்றினால் இதுவும் போச்சு, ரேஸ் அதே, பம்ப் அதே, வேகம் மட்டும் வேறு.

உங்கள் மிஷின் எந்த ஜாதி என்று தெரிய, நியூட்ரலில் பிடிஓவைப் போட்டு நாசிலைத் திறந்துவிட்டு ரேஸைக் கூட்டிக் கேஜைப் பாருங்க. முள் நின்றால் ஸ்பிரிங், ஏறினால் வால்வு.

பெரிய மிஷின்களில் இந்தத் தலைவலியே இல்லை. தண்ணீர் ஓட்டத்தை அளக்க ஒரு மீட்டர், வேகத்தை அளக்கச் சக்கரத்தில் ஒரு சென்சார் அல்லது ஜிபிஎஸ், நடுவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அது ஒரு மோட்டார் வால்வைத் திருகிக்கொண்டே இருக்கும். இப்போது நம் பக்கம் பறக்கிற ட்ரோனிலும் அதே வித்தைதான், வேகத்துக்குத் தகுந்த மாதிரி பம்ப் தானாகக் கூடும் குறையும். நாலு ஏக்கருக்கு அது வேண்டாம், இரண்டு குச்சியும் ஒரு வாட்சும் போதும்.

குடிமங்கலத்தான்:
பார்த்தேன், முள் 40-லேயே நிற்கிறது. ஸ்பிரிங் ஜாதி. சும்மா ரேஸைக் கூட்டி ஓட்டலாம்தான், ஆனால் எங்கள் காட்டுச் சாலில் வேகமாகப் போனால் பூம் தாண்டவம் ஆடுகிறது, ஒரு முனை மண்ணை இடிக்கும், இன்னொரு முனை வானத்துக்கு அடிக்கும். நீல நாசில் பன்னிரண்டு சொல்லிவிட்டேன்.

மஞ்சக்காட்டு அம்மணி:
லேத் அண்ணா, இதோடு ஒன்று கேட்டுக்கிறேன். சொட்டுநீரில் வெஞ்சுரி (உரக்கரைசலை உறிஞ்சிக் குழாயில் கலக்கிற கருவி) வைத்து உரம் விடுகிறேன். ஒரு நாள் 20 லிட்டர் கரைசலைக் கால்மணி நேரத்தில் உறிஞ்சுகிறது, இன்னொரு நாள் அரைமணி நேரம் ஆனாலும் பாதி அப்படியே நிற்கிறது.

கணபதி லேத்:
வெஞ்சுரி உறிஞ்சுவது முன்னால் இருக்கிற பிரஷருக்கும் பின்னால் இருக்கிற பிரஷருக்கும் உள்ள வித்தியாசத்தில். நீங்கள் ஒரு நாள் பெரிய வயலின் வால்வைத் திறந்திருப்பீங்க, ஒரு நாள் சின்னதை. வால்வு மாறினால் வித்தியாசம் மாறும், உறிஞ்சுவதும் மாறும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு வால்வுக்கும் தனியாக, கரைசலை வைத்தே ஒரு வாளி எத்தனை நிமிஷம் என்று பார்த்துச் சுவரில் எழுதி வைங்க, வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும், உரக்கரைசல் கனம். ஜீவாமிர்தம் விடுவதாக இருந்தால் துணியில் இரண்டு தரம் வடிகட்டணும், இல்லையென்றால் டிரிப்பர் போயிடும்.

குடிமங்கலத்தான்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். களைக்கொல்லி அதிகம் விழுந்த ஒன்றேகால் ஏக்கரில் பயிர் கொஞ்சம் வெளிறி நின்று இப்போது தேறிவிட்டது. ஆனால் தலைமாட்டில் வண்டி திரும்புகிற இடத்தில் இரண்டு தரம் விழுந்திருக்கும் போல, அங்கே இன்னும் குட்டையாகத்தான் நிற்கிறது. அடிக்காமல் விட்ட ஒன்றேகாலுக்கு ஆள் விட்டுக் களை வெட்டினேன், அந்தச் செலவில் நாசில் மூன்று செட் வாங்கியிருக்கலாம்.

நேற்றுப் படைப்புழுவுக்கு அடித்தேன். நீல நாசில், 48 பிஎஸ்ஐ, அதே இரண்டாவது லோ. முதலில் வெறும் தண்ணீரில் 80 நொடி பிடித்தேன், ஒவ்வொன்றிலும் 1.65 லிட்டருக்கு ஒன்றிரண்டு கரண்டி முன்னே பின்னே, மொத்தம் 19.8 லிட்டர். இரண்டு ஏக்கர் ஓடி வந்து டேங்கைப் பார்த்தால் அடியில் பத்து லிட்டர் அளவுக்கு நிற்கிறது.

முன்னால் நாசில் எல்லாத் தண்ணீரையும் குடித்ததால் ரிட்டன் ஓஸில் கைவிரல் தடிமனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது, இப்போது பாதிக்குப் பாதி திரும்பி வந்து டேங்கே சுழல்கிறது. முன்பெல்லாம் டேங்க் அடியில் பவுடர் சேறு மாதிரி தங்கும். பவுடர் அடிக்கிறபோது இனித் தங்காது என்று நினைக்கிறேன்.

கணபதி லேத்:
அதுதான். பம்ப் பெரிசாக இருப்பதன் பிரயோசனம் அங்கேதான், கலக்குவதற்கு.

வாய்க்கால்மேடு:
தலைமாட்டுக்கு என்ன செய்தீங்க தம்பி?

குடிமங்கலத்தான்:
இந்த முறை முதலில் இரண்டு தலைமாட்டையும் குறுக்கே ஒரு தரம் அடித்துவிட்டு, அப்புறம் சாலில் போகும்போது அந்த 20 அடிக்கு முன்னாலேயே பூமை மூடிவிட்டேன்ங்க ஐயா. வேலி ஓரத்தில் கடைசிப் பட்டை 13 அடிதான் இருந்தது, அக்கட்ட நாலு நாசிலை மூடி எட்டு நாசிலில் அடித்தேன். மற்றதில் பிரஷர் ஏறிவிடுமோ என்று பயந்து கேஜையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், முள் 48-ஐ விட்டு நகரவில்லை. கேஜைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு கம்பிக்கால் மட்டும் சாய்ந்துவிட்டது.